நடக்காத அழிவுகளும் கண்ணில் படாத குளவிகளும்

குளவி ஒன்று எங்கிருந்தோ ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிவந்து, தான் கட்டிய மண்கூட்டினுள் வைத்து அடைத்து, அதனைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே இன்னொரு குளவியாக்கிவிடும் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கை. சமயச் சொற்பொழிவாளர்கள் இதனை விரும்பி எடுத்தாள்வார்கள். குருவின் இடைவிடாத அருட்பார்வையினால் பக்குவமற்ற சீடனும் குருவாகவே மாறிவிடுகிறான் என்பதற்கு இது உவமை. கோயில் மண்டபங்களில் இந்த உவமையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான்.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பழைய சீனத்திலும் இது இருந்தது. பிள்ளையில்லாத குளவி பச்சைப் புழுவைத் தத்தெடுத்துவந்து, தன்னைப்போல ஆகும்படி அதனை வேண்டிக்கொள்கிறது என்று அங்கு சொன்னார்கள். தத்துப்பிள்ளையைக் குறிப்பதற்கு அந்தப் புழுவின் பெயரையே சீன மொழி எடுத்துக்கொண்டது. ஆனால், கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவோ ஹொங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர் இதனை ஏற்கவில்லை. குளவி முட்டையிடுகிறது, முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு உணவாகவே புழுக்களைக் கொண்டுவந்து அடைக்கிறது என்று அவர் எழுதிவைத்தார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் உவமையை ஒருபுறம் வைத்துவிட்டுக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறார் என்பது வியப்புக்குரியது.

உண்மை உவமையைப் போல இனிமையானதன்று. குளவி கொட்டுவது புழுவை மாற்றுவதற்காக அல்ல, அசையவிடாமல் செய்வதற்காக. புழு சாவதில்லை, செத்தால் அழுகிவிடும். உயிரோடு, ஆனால் உணர்விழந்த நிலையில் அது கிடக்க வேண்டும். குளவியின் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு அதனைத் தின்று வளர்ந்து, கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே பறக்கிறது. வெளியே வந்தது குளவி, உள்ளே போனது புழு என்பதை மட்டும் கண்ட மனிதன் இடையிலிருந்த இடைவெளியைத் தன் விருப்பத்தினால் நிரப்பிக்கொண்டான்.

மண்கூடு கட்டும் குளவி கண்டிப்பான வகைப்பாட்டில் வேட்டையாடும் பூச்சியாகவே கொள்ளப்படும். இந்தக் கட்டுரையின் நாயகர்கள் அதன் நெருங்கிய உறவினர்கள். இவர்கள் கூடு கட்டுவதில்லை; இரையைத் தூக்கிச் செல்வதுமில்லை. புழு எங்கே இருக்கிறதோ அங்கேயே போய், அதன் உடலுக்குள் அல்லது உடலின் மேல் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். புழுவின் உடலே கூடு, அதுவே களஞ்சியம். விஞ்ஞானிகள் இவற்றை 'பாரசிட்டொயிட்' என்கிறார்கள். நாம் ஒட்டுண்ணிக் குளவிகள் என்று சொல்லிக்கொள்ளலாம். (ஈக்களிலும் இத்தகையவை பல உண்டு.) ஆனால் பேன், உண்ணி, நாடாப்புழு போன்ற ஒட்டுண்ணிகளுக்கும் இவற்றுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. சாதாரண ஒட்டுண்ணிக்குத் தன்னைத் தாங்கும் உயிர் வாழ வேண்டும். அது செத்தால் தனக்கும் கேடு. ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு வளர்ந்து முடியும்போது அதனைத் தாங்கிய உயிர் பெரும்பாலும் செத்தே தீரும்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பல இனங்களின் குஞ்சுகள் புழுவின் இரத்தத்தையும் கொழுப்பையுமே முதலில் உண்கின்றன. உயிருக்கு இன்றியமையாத உறுப்புகளை இறுதிவரை தொடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் புழு வழமைபோல இலையைத் தின்றுகொண்டிருக்கும். ஆனால் அது தின்பது தனக்காக அல்ல.

சாள்ஸ் டார்வினை இது உலுக்கிவிட்டது. 1860ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், கருணையும் எல்லாம் வல்ல தன்மையும் கொண்ட இறைவன், உயிருள்ள புழுக்களின் உடலுக்குள் இருந்து உண்ணட்டும் என்ற நோக்கத்தோடு இந்தக் குளவிகளைப் படைத்திருப்பான் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்ற கருத்தை அவர் வெளியிட்டார். நாம் கருணைக்கு உவமையாகக் கண்ட அதே குளவிக் கூட்டத்தில் அவர் கருணையின்மைக்குச் சான்றைக் கண்டார். இரண்டுமே மனிதனுடைய பார்வைகள்தாம். குளவிக்குக் கருணையும் தெரியாது, கொடுமையும் தெரியாது. அது செய்யும் வேலையினால் விளைவது என்ன என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வேலையின் அளவைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். இதுவரை பெயரிடப்பட்ட பூச்சியினங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவ்வகையைச் சேர்ந்தவை என்று மதிப்பிடுகிறார்கள். டார்வின் குறிப்பிட்ட இக்னியுமொனிட் குடும்பத்தில் மட்டும் 25,000 இனங்களுக்குக் குறையாமல் பெயரிடப்பட்டிருக்கின்றன. இவற்றுட் சில நமது விரலளவு இருப்பவை. பல கண்ணுக்கே தெரியாதவை. ட்ரைக்கோகிராமா என்ற குளவி அரை மில்லிமீற்றர் நீளமே இருக்கும். அது அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டுவிடுகிறது. புழு பிறப்பதற்கு முன்னரே கதை முடிந்துவிடுகிறது. இன்னொரு குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இனத்தின் ஆண் குளவி 0.139 மில்லிமீற்றர் நீளமே கொண்டது. பூச்சிகளில் மிகச் சிறியது அதுவே.

இத்தனை சிறிய உயிர், ஒரு வயலில் ஆயிரமாயிரம் இலைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் புழுவை எவ்வாறு கண்டுபிடிக்கிறது? இதற்கு விடை 1990ஆம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்களால் தெளிவாக்கப்பட்டது. புழு கடித்த சோளப் பயிர் ஒருவகை வாசனையைக் காற்றில் விடுகிறது. வெறுமனே கத்தியால் இலையைக் கீறினால் அவ்வாறு நிகழ்வதில்லை. கீறிய இடத்தில் புழுவின் உமிழ்நீர் பட வேண்டும். அந்த வாசனையைப் பின்தொடர்ந்து குளவி வந்து சேர்கிறது. கடிபட்ட பயிரே தன் பகைவனின் பகைவனை அழைத்துக்கொள்கிறது என்று இதனைச் சொல்லலாம்.

வந்த குளவி முட்டையை மட்டும் இடுவதில்லை. சில குடும்பங்களில் முட்டையோடு சேர்த்து ஒரு வைரசையும் புழுவின் உடலுக்குள் செலுத்துகிறது. அந்த வைரஸ் புழுவின் எதிர்ப்பாற்றலை முடக்கி, முட்டையை அந்நியப் பொருள் என்று இனங்கண்டு அழிக்காதபடி செய்துவிடுகிறது. இந்த வைரஸ் இப்பொழுது குளவியின் பரம்பரை அலகுகளுக்குள்ளேயே கலந்துவிட்டது. இந்தக் கூட்டு ஏற்பட்டு ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று கணிக்கிறார்கள். அதுமட்டுமன்று, புழுவுக்குள் இருக்கும் குளவிக் குஞ்சைத் தேடிவந்து அதற்குள் முட்டையிடும் வேறு குளவிகளும் உண்டு. வல்லவனுக்கு வல்லவன் என்பது இங்கே உவமையன்று, உயிரியல்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இந்தப் பூச்சிகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வருவதுண்டு. நடந்ததைத்தான் நாங்கள் செய்தியாக்கினோம். புழு வந்து பயிரை அழித்தால் அது செய்தி. படத்தோடு முதற் பக்கத்திலும் வரலாம். புழு வராமல் இருந்தால்? வந்த புழுவில் பெரும்பகுதி தானாகவே செத்து, பயிர் வழமைபோல விளைந்தால்? 'இந்தப் போகத்திலும் எதுவும் நடக்கவில்லை' என்று எந்த ஆசிரியபீடமும் தலைப்பிட்டதில்லை. ஒட்டுண்ணிக் குளவியின் வெற்றி என்பது ஏதோ ஒன்று நடக்காமல் போவது. ஆகவே அது நம் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததை நாம் கணக்கில் எடுப்பதுமில்லை. கணக்கில் எடுக்காமல் தீர்மானங்களை எடுக்கிறோம். விபத்து அங்கேதான் நேர்கிறது.

நமது நாட்டு வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. மலையகத் தேயிலைக்கு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருந்தொல்லை கொடுத்தவற்றுள் ஒன்று, இலைகளைப் பட்டு நூலினால் ஒட்டிச் சுருட்டி உள்ளேயிருந்து தின்னும் ஒரு புழு. ஆங்கிலத்தில் 'ரீ ரோர்ட்ரிக்ஸ்' என்று சொல்வார்கள். கொழுந்தையே நம்பியிருக்கும் தொழிலில் இலையைத் தின்னும் புழு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. இதே பூச்சி ஜாவாத் தீவிலும் இருந்தது. ஆனால் அங்கு அதனால் இத்தகைய தொல்லை இல்லை. காரணம், மக்ரோசென்ற்றஸ் ஹொமோனே என்ற ஒரு சிறு குளவி. 1935, 1936ஆம் ஆண்டுகளில் அந்தக் குளவி ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, இங்குள்ள தோட்டங்களில் விடப்பட்டது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றில் மறக்கக்கூடாத பணி இது. இந்தக் குளவிக்கு ஒரு சிறப்பு உண்டு. அது இடும் ஒரே முட்டை புழுவின் உடலுக்குள் பலவாகப் பிரிந்து பல குளவிகளாக வளரும். சில ஆண்டுகளில் அது மலையகமெங்கும் நிலைகொண்டது. சுருட்டுப்புழு பெருந்தொல்லை என்ற நிலையிலிருந்து இறங்கியது. தோட்டத் துரைமாருக்கோ கொழுந்து பறித்த பெண்களுக்கோ அந்தக் குளவியின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது பாட்டுக்கு அது வேலை செய்தது. கூலி கேட்கவில்லை.

பின்னர், 1950களிலும் 1960களிலும் தேயிலையின் தண்டைத் துளைக்கும் ஒரு சிறு வண்டை ஒழிப்பதற்காக டில்ட்ரின் என்ற நஞ்சு பெருமளவில் தெளிக்கப்பட்டது. அக்காலத்தில் அது அற்புத மருந்து. வண்டு குறைந்தது. ஆனால், எவரும் எதிர்பாராதபடி, அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மீண்டும் பெருகியது. முன்னர் பெரிதாகப் பேசப்படாத சுள்ளிப்புழுவும் தலைதூக்கியது. டில்ட்ரின் தெளித்த தோட்டங்களுக்கும் இந்தப் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். குளவிகள் செத்துவிட்டன. புழு சுருட்டிய இலைக்குள் மறைந்திருக்கிறது. அதனைத் தேடும் குளவியோ நஞ்சு படிந்த இலையின்மேல் நாளெல்லாம் நடந்து திரிகிறது. யாருக்கு முதலில் சாவு வரும்? தப்பிய புழுவுக்கு மலை நிறைய இலை இருக்கிறது. தப்பிய குளவிக்கோ முட்டையிடப் புழு கிடைப்பது அரிது. ஆகவே நஞ்சு அடித்த பின்னர் முதலில் பெருகுவது எப்பொழுதும் புழுவே.

அந்த நஞ்சை முதுகில் சுமந்து தெளித்த தொழிலாளர்கள் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். றேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூல் கண்டித்த நஞ்சுகளில் டில்ட்ரினும் ஒன்று. 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை உலகளாவிய ரீதியில் ஒழிக்கவேண்டியவை என்று முதலில் பட்டியலிட்ட 12 பொருட்களிலும் அது இடம்பெற்றது.

யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்த ஒரு முதிய கமக்காரர் பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் இதனை ஆராய்ச்சி ஏதுமின்றியே சொன்னார். "தம்பி, மருந்தடிச்சா முதல்ல சாகிறது நல்லதுகள்தான். கெட்டது பிறகும் வரும்." 'அப்படியானால் ஏன் அடிக்கிறீர்கள்?' என்று கேட்டேன். "பக்கத்துத் தோட்டக்காரன் அடிக்கேக்க நான் அடிக்காம இருந்தா, அங்கையிருக்கிறதெல்லாம் இங்கை வந்திடுமெல்லோ" என்றார். நாட்டின் விவசாயக் கொள்கையின் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருந்தது.

தேயிலைக்குப் பிறகு தென்னை. 1970ஆம் ஆண்டளவில் தென்கிழக்காசியாவைச் சேர்ந்த ஓர் இலைதுரப்பான் வண்டு கொழும்பை அண்டிய பகுதிகளில் தென்படத் தொடங்கியது. அதன் புழு ஓலையின் இரு தோல்களுக்கும் இடையே புகுந்து உட்சதையைத் தின்பதால், மரங்கள் நெருப்புப் பட்டவை போலக் காய்ந்து நின்றன. தென்னை முக்கோணம் முழுவதற்கும் அது பரவியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைத் தேங்காயின்றிச் சமையல் அறியாத நாம் எண்ணிப் பார்க்கலாம். சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறு குளவி வரவழைக்கப்பட்டு, 1970களின் தொடக்கத்திலேயே வளர்த்து விடப்பட்டது. வண்டு அடங்கியது. அந்த அத்தியாயம் அத்தோடு முடிந்துவிட்டதால் இன்று அதனை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

அதன் பின்னர் பப்பாசி. 2008ஆம் ஆண்டு நமது நாட்டில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். மாவு தூவியது போலக் காயையும் இலையையும் தண்டையும் மூடி நிற்கும். பப்பாசியோடு நில்லாமல் மரவள்ளி, செவ்வரத்தை என்று வீட்டு முற்றம்வரை அது வந்தது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சியாதலால் இங்கு அதற்கு இயற்கையான பகைவன் இருக்கவில்லை. உடல்மீது மெழுகுப் படலம் இருப்பதால் மருந்தும் எளிதில் படுவதில்லை. புவேர்ட்டோ றிக்கோவிலுள்ள ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட அசெரோபாகஸ் பப்பாயே என்ற குளவி 2009ஆம் ஆண்டு விவசாயத் திணைக்களத்தினால் தருவிக்கப்பட்டு விடப்பட்டது. அடுத்த ஆண்டு தமிழகத்திலும் அதே குளவி, தன் இரண்டு உறவினங்களோடு, அதே பூச்சியைக் கட்டுப்படுத்த விடப்பட்டது. இரு நாடுகளிலும் பப்பாசி தப்பியது. 2009ஆம் ஆண்டு நமது பத்திரிகைகளின் பக்கங்களில் எந்தச் செய்திகள் நிரம்பியிருந்தன என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்த ஆண்டில் ஒரு குளவியைப் பற்றி எழுதுவதற்கு எவருக்கும் மனம் இருக்கவில்லை; இருந்திருந்தாலும் இடம் இருந்திருக்காது. ஆனால் அது வந்து தன் வேலையைச் செய்துவிட்டது.

இவற்றிலெல்லாம் பெரிய கதை ஆபிரிக்காவினுடையது. மரவள்ளிக் கிழங்கு நமக்குப் பஞ்சகாலத்து உணவு. 1970களின் தட்டுப்பாட்டு நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆபிரிக்காவில் அது கோடிக்கணக்கானோருக்கு அன்றாட உணவு. 1970களின் முற்பகுதியில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வெண்மூட்டுப்பூச்சி கொங்கோ ஆற்றுப் பகுதியில் தோன்றி, அந்தக் கண்டத்தின் மரவள்ளிப் பிரதேசம் முழுவதிலும் பரவத் தொடங்கியது. நைஜீரியாவின் இபடான் நகரில் உள்ள வெப்பமண்டல விவசாயத்துக்கான சர்வதேச நிலையத்தில் பணிபுரிந்த சுவிஸ் நாட்டவரான ஹான்ஸ் ஹெரென் நஞ்சை நாடவில்லை. பூச்சியின் பிறப்பிடத்தைத் தேடச் செய்தார். 1981இல் பராகுவேயில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கு அது எவருக்கும் தொல்லை தராமல் அடங்கி வாழ்ந்தது. ஏனெனில் ஒரு சிறு குளவி அதனைக் கட்டுக்குள் வைத்திருந்தது. அந்தக் குளவி நோயும் வேறு பூச்சியும் இல்லாதது என்று உறுதிசெய்யப்பட்ட பின்னர், அதே ஆண்டில் நைஜீரியாவில் விடப்பட்டது. பிறகு நிலத்திலிருந்தும் விமானத்திலிருந்தும் நாடு நாடாக விட்டார்கள். ஏறத்தாழ 30 நாடுகளில் அது பரவி, மரவள்ளியைக் காத்தது. ஹெரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. ஒரு கமக்காரன்கூட ஒரு சதம் செலவழிக்கவில்லை. குளவி காப்பாற்றியது என்பதை அறியாமலேயே கிழங்கைத் தோண்டி உண்டு உயிர்வாழ்ந்தவர்கள் எத்தனை இலட்சம் பேர்!

இவ்வளவும் சொன்ன பின்னர், குளவியைக் கொண்டுவந்து விட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. இதன் மறுபக்கத்தையும் சொல்லுவது கடமை. பிஜித் தீவில் தென்னையை அழித்த லெவுவானா என்ற அழகிய ஊதாநிற அந்துப்பூச்சிக்கு எதிராக, 1925இல் மலாயாவிலிருந்து ஒரு ஒட்டுண்ணி ஈ கொண்டுவரப்பட்டது. தென்னை காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்த அந்துப்பூச்சியைப் பல பத்தாண்டுகளாக எவரும் காணவில்லை. உலகில் வேறெங்கும் அறியப்படாத ஓர் இனம் அது. அமெரிக்காவில் 1906இல் காட்டு மரங்களை அழித்த ஜிப்சி அந்துப்பூச்சிக்கு எதிராக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த கொம்ப்சிலூரா என்ற ஈ, அந்த ஒன்றோடு நில்லாமல் ஏறத்தாழ 200 இனங்களைத் தாக்கியது. அந்நாட்டின் பெரிய பட்டு அந்துப்பூச்சிகள் அருகிப்போனமைக்கு இந்த ஈயும் ஒரு காரணம் என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. கொண்டுவருவது எளிது, திருப்பி அனுப்ப முடியாது. அதனாலேயே இன்று ஒரு குளவியை ஒரு நாட்டுக்குள் விடுவதற்கு முன்னர், அது குறித்த பூச்சியைத் தவிர வேறெதையும் தொடாது என்பதைத் தடைகாப்புக் கூடத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். பொறுமையும் ஆராய்ச்சி நிலையங்களும் பயிற்சி பெற்ற மனிதர்களும் இல்லாமல் இந்த வேலை நடவாது.

பொறுமை என்றதும் 2021ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உரங்களினதும் பூச்சிநாசினிகளினதும் இறக்குமதி ஒரு வர்த்தமானி அறிவித்தலின் மூலம் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே பாய்ச்சலில் சேதன விவசாயத்துக்கு மாறவேண்டும் என்றார்கள். கமக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். விளைச்சல் வீழ்ந்தது. நவம்பர் மாதம் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. நஞ்சைக் குறைக்கவேண்டும் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்தவர்களுடைய வாயையும் அந்த ஏழு மாதங்கள் அடைத்துவிட்டன என்பதே எனக்குப் பெருந்துயரம். இன்று அந்தப் பேச்சை எடுத்தாலே, 'அதுதான் பார்த்தோமே' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இதனை இந்தோனேசியாவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கு 1970களிலும் 1980களிலும் நெல்லைத் தாக்கிய கபிலநிறத் தத்தி, மருந்து அடிக்க அடிக்கப் பெருகியது. அதன் முட்டைகளைத் தாக்கும் சிறு குளவிகளும் அதனைப் பிடித்துண்ணும் சிலந்திகளும் மருந்தினால் செத்துப்போனதே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 1986இல் அந்நாட்டு அரசாங்கம் 57 பூச்சிநாசினிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. எல்லா மருந்தையும் அன்று, உரத்தையும் அன்று. பின்னர் மருந்துக்கான மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 1989இல் நிறுத்தியது. அதே ஆண்டில் வயற்பள்ளிகளைத் தொடங்கி, வயலிலேயே கமக்காரர்களை உட்காரவைத்து, எது பகை, எது நட்பு என்று பூச்சிகளை இனங்காணக் கற்றுக்கொடுத்தது. மருந்து குறைந்தது, நெல் குறையவில்லை. இரண்டு அரசாங்கங்களும் தடைதான் போட்டன. ஒன்று வயலில் வேலை செய்யும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் கணக்கில் எடுத்துப் போட்டது. மற்றது எதனையும் கணக்கில் எடுக்கவில்லை. பல்லாண்டு நஞ்சினால் குளவிகள் அருகிப்போன வயலில் மருந்தை மட்டும் திடீரென நிறுத்தினால், புழுவுக்குத்தான் கொண்டாட்டம். குளவிகள் திரும்பிவரக் காலம் வேண்டும், இடமும் வேண்டும்.

இடம் என்று சொல்வது பெரிய விடயமன்று. வளர்ந்த குளவிகளிற் பல புழுவைத் தின்பதில்லை. பூந்தேனை உண்டே வாழ்கின்றன. வரம்பிலும் வேலியோரத்திலும் பூக்கும் செடிகளைப் புல்லோடு புல்லாகச் செருக்கி எரித்துவிடாமல் சிறிது விட்டுவைத்தால் அவற்றுக்கு உணவு கிடைக்கும். இலையில் ஒரு துளை கண்டவுடன் கடைக்கு ஓடாமல் சில நாள் பொறுத்திருந்தால், எது வெல்கிறது என்று பார்க்கலாம். அவசியமானபோது மருந்து அடிக்கலாம். ஆனால் நாட்காட்டியைப் பார்த்து அடிக்கக்கூடாது. வயலைப் பார்த்து அடிக்கவேண்டும்.

அடுத்த முறை தோட்டத்திலோ வயலிலோ நிற்கும்போது ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். சில புழுக்களின் முதுகிலோ பக்கத்து இலையிலோ அரிசிமணி போன்ற சிறு வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருக்கும். சில வேளைகளில் நெல்லிலையில் சிறு பஞ்சுப்பொதி போலவும் காணப்படும். பலர் அவற்றைப் புழுவின் முட்டைகள் என்று எண்ணி நசுக்கிவிடுகிறார்கள். அவை முட்டைகளல்ல. அந்தப் புழுவைத் தின்று முடித்து வெளியே வந்த குளவிக் குஞ்சுகள் நூற்ற கூடுகள். அந்தப் புழு இனி உங்கள் பயிருக்கு ஒரு தீங்கும் செய்யாது. அதனைத் தொடாமல் விடுங்கள். இன்னும் சில நாட்களில் அந்தக் கூடுகளிலிருந்து வெளிவரும் குளவிகள் அடுத்த புழுவைத் தேடிப் பறக்கும்.